வகுப்பறையில் ஆங்கிலம் பேசுதல்: நீலகிரித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் வட்டங்களின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அருகருகே உள்ள பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களை, அவர்களிலும் தமிழ் வழியில் படித்து ஆசிரியராக வந்தவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு வசதியாக ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஐயம் எழும் இடங்களில் கைப்பேசி அகராதியில் உள்ள ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் சரளமாகப் பேச எனக்கு வராது. முதலில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டு, அதன் பிறகு வகுப்பில் பேசத் தொடங்குவதுதானே முறை?

அப்படிக் காத்திருந்தவர்களில் பலர் ஓய்வு பெறும் வரை காத்திருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். சரளம் என்றதும் நம் மனத்தில் எழுவது, எந்தப் பொருளைப் பற்றியும் யாரிடமும் தடையின்றிப் பேசும் ஆற்றல். மூன்றாம் வகுப்பை நடத்த அவ்வளவு தேவையில்லை. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் நாள்தோறும் வண்டி ஓட்டுபவர் நாட்டின் எல்லாச் சாலைகளையும் அறிந்தவர் அல்லர். அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளையும் அறிந்தவர், அவ்வளவுதான். வகுப்பறைப் பேச்சும் அப்படிப்பட்ட, எல்லை தெரிந்த ஒரு பாதை. வருகைப் பதிவில் தொடங்கி, புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, இருவர் இருவராக உட்கார வைத்து, சத்தத்தைக் குறைத்து, பாராட்டி, கை கழுவ அனுப்புவது வரை ஆசிரியர் ஒரு நாளில் பேசுவதில் பெரும்பகுதி மறுநாளும் அதே வடிவில் திரும்ப வருகிறது.

ஆகவே, பொதுவான ஆங்கிலப் பயிற்சி நூலை வாங்கி முதல் பாடத்திலிருந்து படிப்பதைவிட, உங்கள் பேச்சையே முதலில் கவனியுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டை மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் குழந்தைகளிடம் நீங்கள் தமிழில் சொல்பவற்றை அப்படியே குறித்துக்கொண்டு வாருங்கள். “வாசல்ல நிக்காத, உள்ள வா”, “யார்கிட்ட பென்சில் இல்ல?”, “அவன் எழுதறத மறைக்காத”, “முடிச்சவங்க கை தூக்குங்க” என்று பக்கம் நிரம்பும். மாலையில் அவற்றிலிருந்து ஐந்தாறு தொடர்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஆங்கிலத் தொடரை உறுதி செய்துகொண்டு, மறுநாள் முதல் அவை வரும் இடங்களில் ஆங்கிலத்தையே பயன்படுத்துங்கள். அந்த ஐந்தாறும் யோசிக்காமல் நாவில் வரத் தொடங்கிய பிறகு அடுத்தவற்றைச் சேர்க்கலாம். ஒரே வாரத்தில் ஐம்பது தொடர்களை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாம் வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

எந்தத் தொடர்களில் தொடங்குவது எளிது?

செய்து காட்டக்கூடியவற்றில் தொடங்குங்கள். “ஸ்டாண்ட் அப்”, “கம் டு த போர்டு”, “டச் யுவர் நோஸ்”, “கிவ் த சாக் டு செல்வி” போன்ற கட்டளைகளுக்குக் குழந்தை வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. உடலால் பதில் சொன்னால் போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இம்முறையை ஒரு கற்பித்தல் நெறியாகவே வகுத்தார். குழந்தை தாய்மொழியில் பேசத் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தாயின் சொல்லைக் கேட்டு நடக்கத் தொடங்கிவிடுகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. இம்முறை ஆசிரியருக்கும் பாதுகாப்பானது. கட்டளைத் தொடரில் காலம், எண், இடம் என்ற இலக்கணச் சிக்கல்கள் அதிகம் நுழைவதில்லை.

அடுத்த படியாக, உங்கள் பள்ளியில் உண்மையிலேயே நிகழ்பவற்றைப் பற்றிய தொடர்களைச் சேருங்கள். பொதுவான பயிற்சிக் கையேடுகளில் இவை இரா. ஜூன், ஜூலை மாதங்களில் கூடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் காலை வேளையில் தேவைப்படுபவை “ஷேக் யுவர் அம்ப்ரெல்லா அவுட்சைட்”, “வைப் யுவர் ஃபீட்”, “ஹேங் யுவர் ரெயின்கோட் ஹியர்” போன்றவை. தேயிலைக் காட்டு வழியாக நடந்து வந்த குழந்தையின் காலில் அட்டை ஒட்டியிருந்தால் “தேர் இஸ் எ லீச் ஆன் யுவர் லெக்” என்பதைவிட வேகமாகக் கற்கப்படும் ஆங்கிலத் தொடர் வேறு இல்லை. மறுநாள் குழந்தைகளே ஒருவர் காலை ஒருவர் பார்த்து அதைச் சொல்வார்கள். உதகைப் பக்கம் என்றால் “புட் ஆன் யுவர் ஸ்வெட்டர்”, “இட் இஸ் மிஸ்டி டுடே”, டிசம்பர், ஜனவரி மாதங்களில் “லுக், தேர் இஸ் ஃப்ராஸ்ட் ஆன் த கிராஸ்”. சமவெளிப் பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்க்கும் உறைபனி இங்கே பள்ளி வாசலிலேயே கிடக்கிறது. அதைக் காலால் மிதித்துக்கொண்டே கற்கட்டும்.

ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாதா?

பேசலாம். எங்கே பேசுவது என்பதில்தான் கவனம் தேவை. ஒரு குழந்தை அழுதால், இருவர் சண்டையிட்டால், ஒரு விளையாட்டின் விதி சிக்கலாக இருந்தால், கதையில் ஒரு திருப்பம் புரியாமல் வகுப்பே விழித்தால் தமிழில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். ஆறுதலையும் கண்டிப்பையும் அரைகுறையாகப் புரியும் மொழியில் சொல்வது குழந்தைக்குச் செய்யும் நியாயமன்று.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஆங்கிலத்தில் ஒரு தொடரைச் சொல்லி, மூச்சு விடுவதற்குள் அதையே தமிழில் சொல்லும் வழக்கம். “ஓபன் யுவர் புக்ஸ், புத்தகத்தைத் திறங்க. டர்ன் டு பேஜ் ட்வெல்வ், பன்னிரண்டாம் பக்கம் எடுங்க.” இப்படி நடக்கும் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள். ஆங்கிலம் ஒலிக்கும்போது கண்கள் ஜன்னலுக்குப் போகின்றன. தமிழ் ஒலித்ததும் கைகள் புத்தகத்துக்குப் போகின்றன. தமிழ் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு ஆங்கிலத்தைக் கேட்க யாருக்கும் காரணம் இல்லை.

இதற்கு மாற்றாக ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே உங்கள் கையில் உள்ள புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை தயங்கித் தயங்கித் திறக்கும். உடனே “யெஸ், குட்” என்று தலையசையுங்கள். பக்கத்தில் இருப்பவன் அவளைப் பார்த்துத் திறப்பான். அரை நிமிடத்தில் வகுப்பு முழுவதும் திறந்திருக்கும். அந்த அரை நிமிட அமைதியைத் தாங்கிக்கொள்வதுதான் ஆசிரியருக்குக் கடினம். நான்காம் நாள் அந்த நேரம் பாதியாகக் குறையும்.

எங்கள் பள்ளியில் பாதிக் குழந்தைகளுக்குத் தமிழே வீட்டு மொழி இல்லை. இதில் ஆங்கிலத்தையும் சேர்த்தால் குழப்பம் வராதா?

இக்கேள்வி சமவெளியில் அரிதாகவே எழும். இங்கே எல்லாக் கூட்டங்களிலும் எழுகிறது. கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் குழந்தை வீட்டில் படுக மொழி பேசுகிறது. கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குழந்தைகளின் மொழிகளோடு மலையாளமும் கன்னடமும் வகுப்பில் கலந்து ஒலிக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தோரின் பேரப் பிள்ளைகள் பேசும் தமிழ் பாடநூல் தமிழிலிருந்து சற்று வேறுபட்டது. இக்குழந்தைகளில் பலருக்குப் பள்ளித் தமிழே இரண்டாம் மொழி; ஆங்கிலம் மூன்றாவது.

குழப்பம் வரும் என்ற அச்சத்துக்கு நான் இடம் கொடுப்பதில்லை. ஐந்து வயதில் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசிப் பழகிய குழந்தைக்கு, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மொழி மாறும் என்பது ஏற்கெனவே தெரியும். ஒரே மொழி கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இல்லாத பழக்கம் அது.

ஒலிகளிலும் இக்குழந்தைகளுக்குச் சில நன்மைகள் உண்டு. பெரியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் “பிக்” என்றே அமையும். சொல்லின் முதலில் வல்லெழுத்தை அதிர்வோடும் அதிர்வின்றியும் வேறுபடுத்தும் வழக்கம் தமிழ் மரபில் இல்லை. படுக மொழியில் அவ்வேறுபாடு உண்டு. சொல்லின் முதலில் ஹகரமும் அதில் இயல்பாக வரும்; ஹட்டி என்ற சொல்லே அதற்குச் சான்று. ஆகவே “ஹவுஸ்”, “ஹேண்ட்” போன்ற சொற்களில் படுகர் வீட்டுக் குழந்தை தடுமாறக் காரணமில்லை. தோடர் மொழியோ உரசொலிகளுக்கு, அதாவது காற்று உரசி வெளிவரும் ஒலிகளுக்கு, பெயர் பெற்றது. 1930களில் இம்மலையில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த மொழியறிஞர் எமனோவின் காலத்திலிருந்து மொழியியலாளர்கள் இதைச் சுட்டி வருகிறார்கள். ‘ஃபிஷ்’ என்பதில் உள்ள முதல் ஒலிக்காகத் தமிழ்க் குழந்தை உதட்டைப் பழக்க வேண்டியிருக்கிறது. தோடர் குழந்தையின் வாயில் அவ்வொலி ஏற்கெனவே இருக்கிறது. “இவனுக்குத் தமிழே சரியாக வரவில்லை” என்று ஆசிரியர் அறையில் பேசப்படும் குழந்தையை ஆங்கில ஒலிப் பயிற்சியின்போது முன்னால் அழைத்துச் சொல்லச் செய்யுங்கள். வகுப்பில் அக்குழந்தையின் இடமே மாறிவிடும்.

நடைமுறையில் இன்னொன்றும் செய்யலாம். ஒரு புதிய ஆங்கிலச் சொல்லைப் படத்தோடு காட்டிய பிறகு, “உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். பல மொழிகளிலும் விடை வரட்டும். ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் அதைத் தனிப் பாடமாக்க வேண்டாம்.

என் உச்சரிப்பு நன்றாக இல்லை. குழந்தைகளும் அப்படியே பேசிவிடுவார்களே?

வெளிநாட்டவர்போலப் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தால் அவர்களைப் பொருட்படுத்தவும் வேண்டாம். தெளிவாகப் பேசும் இந்திய ஆங்கிலம் போதுமானது. ஆயினும் சொல்லையே வேறாக ஒலிக்கச் செய்யும் சில பழக்கங்களைக் களைவது நல்லது. அவற்றுள் முதலாவது, மெய்யில் முடியும் சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பது: “புக்கு”, “பெஞ்சு”. இரண்டாவது, எகரத்திலும் ஒகரத்திலும் தொடங்கும் சொற்களின் முன்னால் யகரமும் வகரமும் நுழைவது: “எக்” என்பது “யெக்” ஆவதும் “ஒன்லி” என்பது “வொன்லி” ஆவதும். மூன்றாவது, “ஸ்கூல்”, “ஸ்டாண்ட்” போன்ற சொற்களின் முன்னால் இகரம் சேர்ப்பது.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது சொல்லின் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பது. தமிழில் ஓர் அசையை ஓங்கிச் சொல்வதால் பொருள் மாறுவதில்லை. ஆகவே நாம் ஆங்கிலச் சொற்களின் எல்லா அசைகளையும் சமமாக ஒலிக்கிறோம். இதைப் பழக இம்மலையின் காய்கறிகளே போதும். “கேரட்”, “கேபிஜ்”, “பீட்ரூட்”, “காலிஃபிளவர்” என்பவற்றில் முதல் அசை ஓங்குகிறது. “பொட்டேட்டோ”வில் நடு அசை ஓங்குகிறது. முட்டைக்கோஸைக் குறிக்கும் சொல்லின் பிற்பகுதியை “பேஜ்” என்று நீட்டுவது பரவலான வழக்கம். அங்கே குறுகிய ஒலியே சரி. ஓங்கும் அசைக்குக் கைதட்டச் சொல்லி, சந்தைக் கடைபோல ஒரு விளையாட்டு நடத்தினால் ஆசிரியருக்கும் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி கிடைக்கும்.

ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழ் எழுத்தில் ஒலியை எழுதிக்கொள்ளக் குழந்தைகளைப் பழக்காதீர்கள். பூனைக்கும் வாசற்கதவுக்கும் “கேட்” என்றே எழுதிக்கொண்ட குழந்தை, தேர்வு நாளில் இரண்டில் எது என்று தவிக்கும். இப்பக்கத்தில் அவ்வாறு எழுதியிருப்பது ஆசிரியர்களுக்காக மட்டுமே.

இலக்கணப் பிழையோடு பேசுவதைவிடப் பேசாமலிருப்பது மேல் அல்லவா?

பேச்சின் ஓட்டத்தில் எப்போதாவது வரும் பிழையால் பெரிய கேடு இல்லை. நாள்தோறும் அதே வடிவில் திரும்ப வரும் பிழையால் கேடு உண்டு. அதைக் குழந்தைகள் சரியான தொடர் என்றே பதிய வைத்துக்கொள்வார்கள். எனவே வழக்கமான தொடர்களை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். வகுப்பறைகளில் நான் அதிகம் கேட்பவை: “வை யூ ஆர் லேட்?” என்று கேட்பது (“வை ஆர் யூ லேட்?” என்பதே சரி), “டிட் யூ ஃபினிஷ்ட்?” என்று கேட்பது (“டிட் யூ” வந்தபின் “ஃபினிஷ்” போதும்), “டுடே மார்னிங்” என்பது (“திஸ் மார்னிங்” என்பதே வழக்கு). எழுந்து நிற்கச் சொல்லும்போது “கெட் அப்” என்பதைவிட “ஸ்டாண்ட் அப்” பொருந்தும். முன்னது படுக்கையிலிருந்து எழுவதையே பெரும்பாலும் நினைவூட்டும்.

குழந்தைகளின் பிழைகளைத் திருத்தும் முறைக்கும் இது பொருந்தும். “டீச்சர், ஹி டேக் மை பென்சில்” என்று ஒரு குழந்தை முறையிட்டால், “டேக் இல்லை, டுக் சொல்லு” என்று நிறுத்தாதீர்கள். “ஓ, ஹி டுக் யுவர் பென்சில்? ரவி, கிவ் இட் பேக்” என்று பதில் சொன்னால் திருத்தமும் ஆயிற்று, நியாயமும் கிடைத்தது. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் என். எஸ். பிரபு நடத்திய, பெங்களூர்த் திட்டம் என்று அறியப்படும் முயற்சியின் கருத்தும் இதுவே. மொழியின் வடிவத்தைவிடச் செய்ய வேண்டிய வேலையில் மனம் ஊன்றியிருக்கும்போது மொழி நன்றாகப் பதிகிறது என்று அவர் கருதினார். இலக்கணப் பாடங்களுக்கு மாற்றாக வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொண்டு தீர்க்க வேண்டிய சிறு வேலைகளை வகுப்பில் தந்தார். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் உங்கள் ஊர்ப் பேருந்து நேரங்களைக் கரும்பலகையில் எழுதி, “ஐ வான்ட் டு கோ டு கூனூர். விச் பஸ் கேன் ஐ டேக்?” என்று கேட்டுப் பாருங்கள். பேருந்தைத் தவறவிட்டவனின் நிலைமை எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்தது என்பதால் ஆர்வம் தானாக வரும்.

நான் கேட்கும் கேள்விக்குக் குழந்தைகள் பதிலே சொல்வதில்லை. சொன்னால் எல்லாரும் ஒன்றாகக் கத்துகிறார்கள். என்ன செய்வது?

முதலில் நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எடுத்துக்காட்டினார். மூன்று நொடியாக அதை நீட்டியபோது பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறவாதவர்களும் பேசினர். தாய்மொழியில் கேட்ட கேள்விக்கே அந்த நிலை என்றால், மூன்றாம் மொழியில் கேட்ட கேள்விக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

அடுத்து, கேள்வியின் வகையை மாற்றுங்கள். ஆம், இல்லை என்று தலையாட்டினால் போதும் என்ற கேள்வி முதலில் வரட்டும்: “இஸ் திஸ் எ பைசன்?” அடுத்தது இரண்டில் ஒன்றைத் தேர்வது: “இஸ் இட் பிக் ஆர் ஸ்மால்?” விடை கேள்விக்குள்ளேயே இருப்பதால் அச்சம் குறையும். அதன் பிறகுதான் “வேர் டிட் யூ சீ இட்?” காட்டெருமை தோட்டத்துக்குள் வந்த கதையைச் சொல்லத் துடிக்கும் குழந்தை “டீ எஸ்டேட்” என்ற இரண்டு சொல்லில் பதில் சொன்னாலும் அது முழு விடைதான், “முழு வாக்கியமாகச் சொல்” என்று அந்த இடத்தில் வற்புறுத்தினால் அடுத்த முறை கை உயராது.

கூட்டாகச் சொல்வதை முழுவதும் நிறுத்த வேண்டாம். கூச்சமுள்ள குழந்தைக்கு அது மறைவிடம். வகுப்பு முழுவதும், பிறகு ஒரு வரிசை, பிறகு இருவர், கடைசியில் ஒருவர் என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு வாருங்கள்.

இரண்டே ஆசிரியர்கள், ஒரே அறையில் மூன்று வகுப்புகள். இதில் ஆங்கிலம் பேச எங்கே நேரம்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 வகுத்த அளவின்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். மலையில் சிதறிக்கிடக்கும் சிற்றூர்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் உள்ள பள்ளிகள் பல இந்த அளவுக்குள்தான் வருகின்றன. ஆகவே இது விதிவிலக்கான நிலைமையன்று. இதை வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022–23ஆம் கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கும் மறு ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தபோது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழந்தைகளைப் பிரிக்கும் முறை பழக்கமாகிவிட்டது. ஆங்கிலப் பேச்சுக்கு அப்பிரிவு தேவைப்படாத நேரமும் உண்டு. காலையில் முதல் பத்து நிமிடத்துக்கு எல்லா வகுப்பினரையும் ஒன்றாக உட்கார வைத்து நாள், கிழமை, வானிலை, வராதவர் யார், நேற்று யார் என்ன பார்த்தார் என்று பேசுங்கள். அரும்பு நிலையில் உள்ளவர் சுட்டிக் காட்டினால் போதும். மலர் நிலையில் உள்ளவர் ஒரு தொடர் சொல்ல வேண்டும். கேள்வி ஒன்று, எதிர்பார்ப்பு வேறு. ஐந்தாம் வகுப்புப் பெண்ணைத் தினமும் கேள்வி கேட்கும் பொறுப்பில் அமர்த்தினால், ஆசிரியரைவிட அழகாக ஆசிரியர்போலப் பேசிக் காட்டுவாள். உங்கள் தொடர்களில் எவை உண்மையில் பதிந்திருக்கின்றன என்பதையும் அவள் வாயிலாகவே அறியலாம்.

ஒரு பிரிவுக்கு எழுத்து வேலை தந்துவிட்டு இன்னொரு பிரிவோடு பேசும்போது குரல்கள் மோதும் என்பது உண்மை. அந்நேரத்தில் பேச்சுப் பயிற்சியை வெளியே, திண்ணைக்கோ மரத்தடிக்கோ கொண்டு செல்லலாம்; கதவருகே நின்றால் இரு பக்கமும் கண்ணில் இருக்கும். மழைக்காலத்தில் இதற்கு வழியில்லை.

மழைக்காலத்தில் தகரக் கூரையின் மேல் விழும் சத்தத்தில் என் குரலே கேட்பதில்லையே?

அப்போது பேசிப் போராட வேண்டாம். சிறு பலகையில் கட்டளையை எழுதிக் காட்டிச் செய்யச் சொல்லுங்கள். சைகையால் நடித்துக் காட்டி ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். மழை ஓய்ந்ததும் அதே சொற்களை வாயால் சொல்லட்டும். தொண்டையைக் கெடுத்துக்கொண்ட ஆசிரியர் மறுநாள் எந்த மொழியிலும் பேச முடியாது.

தனியார் பள்ளியிலிருந்து மாறி வந்த குழந்தை என்னைவிட நன்றாகப் பேசுகிறது. கூச்சமாக இருக்கிறது.

அக்குழந்தையை உதவியாளராக்கிக்கொள்ளுங்கள். தெரியாத சொல் வந்தால் “ஐ டோன்ட் நோ. லெட் அஸ் லுக் இட் அப்” என்று சொல்லி வகுப்பிலேயே அகராதியைத் திறங்கள். அதுவும் ஒரு பயனுள்ள ஆங்கிலத் தொடர்தான்.

பயிற்சி வகுப்பு முடிந்து ஊக்கத்தோடு திரும்புகிறேன். ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. நானாகவே பயிற்சி பெற வழி உண்டா?

இது உங்கள் குறை மட்டுமன்று. இவ்வகைப் பயிற்சி அமைப்பின் இயல்பும் அதுவே. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வேறு பலருக்குத் தர, உருள உருளப் பெருகும் என்ற நம்பிக்கையில் அதைப் பனிப்பந்து என்று அழைத்தார்கள். மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டார வள மையத்துக்கும் இறங்கி வரும் இன்றைய பயிற்சிகளும் அதே வடிவத்தவை. எண்ணிக்கை பெருகுவது உண்மை. ஒவ்வொரு படியிலும் பொருள் கொஞ்சம் கரைவதும் உண்மை. மேலிருந்து வருவதைப் பெற்றுக்கொள்ளுங்கள்; அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

எனக்குப் பயனுள்ளதாகப் படும் வழி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு இணைந்துகொள்வது. வாரத்துக்கு ஒருமுறை, வகுப்பில் நீங்கள் ஆங்கிலத்தில் பேசிய ஐந்து நிமிடத்தைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து (குழந்தைகளைப் படம் பிடிக்க வேண்டாம், ஒலி மட்டும் போதும்) முதலில் நீங்கள் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்பது முதல் முறை சங்கடமாகத்தான் இருக்கும். மூன்றைக் கவனித்தால் போதும்: நான் எவ்வளவு பேசினேன், குழந்தைகள் எவ்வளவு பேசினார்கள், எந்த இடத்தில் காரணமின்றித் தமிழுக்கு மாறினேன். பிறகு அதை அந்த ஆசிரியருக்கு அனுப்பி, அவருடையதை நீங்கள் வாங்கிக் கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம், “உங்க இந்தத் தொடரை நான் எடுத்துக்கறேன் டீச்சர்” என்ற ஒரு சொல் பத்துப் பாராட்டுக்குச் சமம்.

நாளைய பாடத்தில் உள்ள கதையை முந்தைய மாலையில் இரண்டு முறை உரக்கப் படிப்பதும் உதவும். மனத்துக்குள் படித்தால் நாக்கு பழகாது. வீட்டில் கேலி செய்வார்கள் என்றால், பள்ளியில் குழந்தைகள் போன பிறகு காலி வகுப்பில் நின்று படியுங்கள்.

வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிட வரும்போது முழுவதும் ஆங்கிலத்தில் நடத்திக் காட்ட வேண்டுமா?

வேண்டாம். நேற்று வரை கேட்காத ஆங்கிலத்தை அன்று மட்டும் பொழிந்தால், குழந்தைகள் ஆசிரியருக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். அனுபவமுள்ள அலுவலர் அந்த முகங்களைப் பார்த்தே நடந்ததைப் புரிந்துகொள்வார். வழக்கமான காலைப் பேச்சையே நடத்துங்கள். அவர் குழந்தைகளிடம் நேரடியாக ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, அவர்கள் விழித்தால், அதே கேள்வியை உங்கள் வகுப்புக்குப் பழக்கமான வடிவில் மாற்றிக் கேட்க அனுமதி கேளுங்கள். வந்தவரை வரவேற்க வகுப்பே எழுந்து ராகம் போட்டுச் சொல்லும் நீண்ட வாழ்த்தை விட்டுவிட்டு, வாசலருகில் இருக்கும் குழந்தை “குட் மார்னிங் சார், ப்ளீஸ் கம் இன்” என்று சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டினால் போதும்.